பிடித்த வரி திரும்பி வந்த கதை

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். நீண்ட நாள் நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"பையனுக்குக் கனடாவில வேலை ஆயிடுச்சு சார். இன்னும் பதினெட்டு நாள்ல கிளம்பறான். இந்த வருஷம் கம்பெனியில பிடிச்ச வரியில நிறைய திரும்பி வருமாமே? உங்க மகளுக்கு நீங்கதான் வாங்கிக் கொடுத்தீங்களாம்?"

வாங்கிக் கொடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. ஆறு மாதம் அலைந்தேன் என்பதுதான் சரி. அன்று அவரிடம் அரை மணி நேரம் நின்றபடியே சொன்னதை, வேறு சிலருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான் ஆடிட்டர் அல்லன். பட்டறிவு மட்டுமே என் தகுதி.

என் மகள் இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். 2022 ஜூன் 30-ஆம் தேதி வேலையை விட்டாள். ஜூலை முதல் வாரத்தில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு விமானம் ஏறினாள். அங்கே வீடு பிடிக்க முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. என் வைப்புத்தொகை ஒன்றை முறித்து 80,000 ரூபாய் கொடுத்தேன். "அப்பா, எனக்கு வரி ரீஃபண்ட் வரணும். வந்ததும் அதை அப்படியே உங்களுக்கு அனுப்பிடறேன்" என்றாள். அந்த 'வந்ததும்' என்ற சொல்லில்தான் இத்தனை கதையும் அடங்கியிருந்தது.

ரீஃபண்ட் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் மாதச் சம்பளத்தில் வரி பிடிக்கும்போது, அந்த ஆள் ஆண்டு முழுவதும் வேலை செய்வார் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. மகளின் மாதச் சம்பளம் ஒன்றரை லட்சம். ஆண்டுக்கு 18 லட்சம். நிலைக்கழிவு 50,000 போக 17,50,000 ரூபாய்க்கு அப்போதைய பழைய முறையில் வரி, செஸ் உட்பட, 3,51,000. மாதத்துக்கு 29,250. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்குப் பிடித்தது 87,750. ஆனால் அந்த ஆண்டு அவள் இந்தியாவில் சம்பாதித்ததோ மொத்தம் நாலரை லட்சம்தான். அதற்கு உரிய வரி 7,800 ரூபாய். மிச்சம் 79,950 அவளுடைய பணம். கடைசிச் சம்பளத்திலேயே நிறுவனம் இதைச் சரிக்கட்டியிருக்கலாம். செய்யவில்லை. "ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அவசரமாகக் கிளம்புகிற பெண் யாரோடு வாதாடுவாள்?

அந்த 7,800-ஐப் பற்றி எங்களுக்குள் ஒரு சிறு சண்டையே நடந்தது. எங்கள் தெருவில் ரிட்டர்ன் எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர், "சார், ரெசிடெண்ட்னு போட்டுடலாம். அஞ்சு லட்சத்துக்குக் கீழே வருமானம், ரிபேட் கிடைச்சு வரி பூஜ்யம் ஆயிடும். முழு 87,750-உம் வந்துடும்" என்றார். எனக்குச் சபலம் தட்டியது உண்மை. மகளிடம் சொன்னேன்.

"வேண்டாம்ப்பா. ரெசிடெண்ட்னு சொன்னா ஜெர்மனியில ஜூலையிலேர்ந்து வாங்கின சம்பளத்தையும் அதுல காட்டணும். அப்ப அஞ்சு லட்சத்துக்குக் கீழேன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

அவள் சொன்னதுதான் சட்டம். வெளிநாட்டில் வேலை ஏற்று ஒரு நிதியாண்டின் நடுவில் கிளம்பும் இந்தியக் குடிமகன், அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்திருந்தால், வரிக் கணக்கில் அந்த ஆண்டு முழுவதுக்கும் 'நான்-ரெசிடெண்ட்' ஆகிவிடுகிறான். பொதுவாக உள்ள 60 நாள் விதி, வேலைக்காகப் போகிறவர்களுக்கு 182 நாளாகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. நடைமுறையில் பார்த்தால் செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் கிளம்புகிறவருக்கும், அக்டோபரில் கிளம்புகிறவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்னவர் இங்கே சம்பாதித்ததற்கு மட்டும் இங்கே வரி கட்டினால் போதும். பின்னவர் வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அது தனித் தலைவலி. நான்-ரெசிடெண்டுக்கு அந்த ரிபேட் கிடையாது. 'சஹஜ்' என்று அழகான பெயர் வைத்த எளிய படிவமும் கிடையாது, ஐ.டி.ஆர்.-2 தான். 7,800 ரூபாய் போனால் போகட்டும் என்று தெருக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி அலைச்சல். 2023 ஜூன் மாதம் ரிட்டர்ன் போட உட்கார்ந்தோம். அவள் ஸ்டுட்கார்டில், நான் ஹலசூருவில், நடுவில் வீடியோ ஃபோன். முதலில் ஃபாரம் 16 வரவில்லை. விசாரித்தால், அதை அவளுடைய பழைய கம்பெனி மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் வேலையை விட்ட அன்றே மூடப்பட்ட முகவரி அது! எழுதி எழுதி வாங்க மூன்று வாரம் ஆயிற்று.

அடுத்து வருமான வரி இணையதளத்துக்குள் நுழைய வேண்டும். கடவுச்சொல் மறந்துவிட்டது. அதனால் என்ன, ஓ.டி.பி. வரும். எங்கே வரும்? அவளுடைய பெங்களூர் கைப்பேசி எண்ணுக்கு. அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு ஓராண்டு ஆகிவிட்டது. மூன்று மாதம் போல ஓர் எண் சும்மா கிடந்தால் கம்பெனி அதை முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறது. சந்தேகத்துக்கு நானே அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இந்தியில் ஒருவர், தூக்கக் கலக்கத்தில், "ராங் நம்பர்" என்றார். ஆறு வருடம் என் மகள் குரலைக் கேட்ட எண். சொன்னால் சிரிப்பீர்கள், அன்று எனக்குக் கொஞ்சம் மனசு கனத்துத்தான் போயிற்று.

ஆதார் வழியாக நுழையலாம் என்றால் ஆதாரிலும் அதே எண். அதை மாற்ற அப்போது ஆளே நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். வங்கியின் நெட் பாங்கிங் வழியாக வரித்துறைத் தளத்துக்குள் போகலாம் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் வங்கியிலும் அதே எண். பூட்டு மூன்று, சாவி ஒன்று, அந்தச் சாவி இப்போது முன்பின் தெரியாத ஒரு மனிதர் பையில்.

வங்கிக் கணக்கைத்தான் முதலில் சரிசெய்ய முடிந்தது. அதை நாங்கள் கிளம்புவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். அந்நியச் செலாவணி விதிப்படி, வேலைக்காக வெளிநாடு போகிறவர் தம் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். நம்மில் பலர் அதை மாற்றாமலே பல வருடம் ஓட்டுகிறோம். மகள் பாஸ்போர்ட், விசா நகல்களை மூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினாள். நான் எடுத்துக்கொண்டு போய் வங்கியில் கொடுத்தேன். ஒருமுறை கையெழுத்து ஒத்துப்போகவில்லை. ஒருமுறை சம்பந்தப்பட்ட அதிகாரி விடுப்பில். ஜூலை மூன்றாம் வாரம் கணக்கு என்.ஆர்.ஓ. ஆயிற்று, ஜெர்மன் எண்ணும் பதிவாயிற்று. அதன் வழியே தளத்துக்குள் நுழைந்து, எண்ணையும் முகவரியையும் மாற்றி, ஜூலை 29-ஆம் தேதி ரிட்டர்ன் தாக்கலாயிற்று. கடைசி நாள் 31.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சம்பளத்தில் வரி பிடித்ததாக நிறுவனங்கள் தரும் கணக்கு காசியாபாத் அருகே வைஷாலியில் உள்ள மையத்தில் சரிபார்க்கப்படுகிறது. ஆனால் நாட்டின் எந்த மூலையிலிருந்து ரிட்டர்ன் போட்டாலும் அது பரிசீலனைக்கு வருவது நம் பெங்களூருக்கு. எலெக்ட்ரானிக் சிட்டியில் 2009-இல் தொடங்கிய மையப்படுத்தப்பட்ட பரிசீலனை மையத்துக்கு. கோனப்பன அக்ரஹாரா, தொட்டதொகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் 1978 வாக்கில் கியோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய பேட்டை அது. ஸ்ரீநகர்காரர் ரீஃபண்டும் கன்னியாகுமரிக்காரர் ரீஃபண்டும் அங்கிருந்துதான் உத்தரவாகிறது. தொடக்க காலத்தில் இணையத்தில் ரிட்டர்ன் போட்ட பிறகு ஐ.டி.ஆர்.-வி என்ற ஒரு பக்கத் தாளில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். 'தபால் பை எண் 1, எலெக்ட்ரானிக் சிட்டி தபால் நிலையம்' என்ற முகவரி இந்தியா முழுவதும் மனப்பாடம். உள்ளூர்க்காரன்தானே என்று நான் 2010-இல் பஸ் ஏறி நேரில் கொடுத்துவிட்டு வரலாமா என்று யோசித்தேன். நேரில் வாங்க மாட்டார்கள் என்றார்கள். சரி என்று கூரியரில் அனுப்பினேன், திரும்பி வந்தது. விதியைப் படிக்காதது என் பிழை. தபால் நிலையத்துக் கவுண்டரில் இருந்த அம்மாள், "கூரியர் தகொள்ளல்ல சார், ஆர்டினரி போஸ்ட் சாகு" என்று சிரித்தார். இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் ஓ.டி.பி. மூலமே உறுதிசெய்துவிடலாம். முப்பது நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 2022 ஆகஸ்டுக்கு முன் 120 நாள் இருந்தது.

அதற்கும் முந்திய காலத்தை நினைத்தால் இது சொர்க்கம். தொண்ணூறுகளில் ரீஃபண்ட் என்றால் தபாலில் வரும் காகித வவுச்சர். குயின்ஸ் ரோடு அலுவலகப் படிகளைப் பலமுறை ஏறி இறங்கியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

மகள் கதைக்கு வருகிறேன். செப்டம்பரில் இன்டிமேஷன் வந்தது: கணக்கு சரி, ரீஃபண்ட் 79,950, மேலே வட்டி. தாக்கல் காலத்தோடு செய்தால் ஏப்ரல் மாதத்திலிருந்து மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி உண்டு. ஆறு மாதத்துக்கு 2,400-க்குச் சற்றுக் குறைய. வீட்டில் பாயசம் வைக்காத குறை. நாலு நாள் கழித்து இன்னொரு செய்தி: ரீஃபண்ட் தோல்வி. வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பான் கார்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை!

இது நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய வியாதி. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் அந்த ஓரெழுத்தோடு மகளின் பெயர். பான் விண்ணப்பத்தில் முதலெழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். ஆகவே அங்கே என் முழுப் பெயர் அவள் பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். வங்கிக் கணக்கு கல்லூரி நாளில் தொடங்கியது. அதில் முதலெழுத்து முன்னால். மனுஷி ஒருத்தி, பெயர் நாலு. ஜெர்மனியில் அவளுடைய அலுவலகத்தில் 'ஃப்ராவ்' என்ற மரியாதைச் சொல்லோடு என் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்களாம். "நாள் முழுக்க உங்க பேரைத்தான்ப்பா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கணினிக்குப் பாசம் தெரியாது. வரித்துறை, சரிபார்த்த கணக்குக்குத்தான் பணம் அனுப்பும்.

மறுபடி வங்கி. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை மாற்ற விண்ணப்பம், அதற்கு இணைப்புகள், அதற்கு ஒரு மாதம். பிறகு தளத்தில் கணக்கை மீண்டும் சரிபார்த்து, ரீஃபண்டை மறுபடி அனுப்பும்படி வேண்டுகோள் கொடுத்தோம். 2023 டிசம்பர் முதல் வாரம் ஒரு காலை மகள் கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. அன்று மாலைக்குள் என் கணக்கில் 80,000 ரூபாய் இருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். ஜெர்மனியிலும் இதே கதைதானாம். அங்கே வரி ஆண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர். அங்கும் மாத வரி, ஆண்டு முழுவதும் அதே சம்பளம் வரும் என்ற கணக்கில்தான் பிடிக்கப்படுகிறது. ஆகவே ஜூலையில் சேர்ந்தவளுக்கு அங்கேயும் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனால் அதே ஆண்டில் இந்தியாவில் சம்பாதித்ததையும் கேட்பார்கள். அதற்கு வரி போட அல்ல, மற்றதற்கு எந்த விகிதம் என்று தீர்மானிக்க. அதற்கும் இங்கத்திய சம்பளக் காகிதங்கள்தான் வேண்டும்.

முதல் ஆண்டோடு விஷயம் முடிவதில்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மகளுக்கு இங்கே என்.ஆர்.ஓ. வைப்புத்தொகை ஒன்று இருக்கிறது. ஆண்டு வட்டி சுமார் 40,000. என்.ஆர்.ஓ. வட்டிக்கு வங்கி 30 சதவீதமும் செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் பிடித்துவிடும்: 12,480 ரூபாய். இந்தியா–ஜெர்மனி வரி ஒப்பந்தப்படி 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. அமெரிக்கா, சிங்கப்பூர் என்றால் 15. அதற்கு அந்த நாட்டு வரி அலுவலகத்தின் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். ஆனால் இந்தியாவில் வேறு வருமானமே இல்லாதவருக்கு இந்த 40,000 அடிப்படை விலக்கு வரம்புக்கு வெகு கீழே. ரிட்டர்ன் போட்டால் ஒப்பந்தத்தைத் தொடாமலே 12,480-உம் முழுசாகத் திரும்பி வரும். 'வரிதான் பிடித்துவிட்டார்களே, இனி என்ன ரிட்டர்ன்' என்று ஆண்டுக்கு ஆண்டு விட்டுவிடுகிறவர்களை எனக்கே தெரியும். அந்த வட்டியை வாழும் நாட்டிலும் காட்ட வேண்டும் என்பது வேறு விஷயம்.

பழைய சகா ஒருவரின் தம்பி 2008-லேயே மஸ்கட் போனவர். ஆதார் எடுத்ததே இல்லை. வெளிநாட்டுவாழ் இந்தியருக்குப் பான்–ஆதார் இணைப்பு கட்டாயமில்லை, அது உண்மைதான். ஆனால் வரித்துறைப் பதிவேட்டில் அவர் இன்னும் 'ரெசிடெண்ட்'. 2023 ஜூலை 1-ஆம் தேதி அவருடைய பான் செயலிழந்துவிட்டது. செயலிழந்த பானுக்கு ரீஃபண்ட் கிடையாது. அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. போதாததற்கு வரிப் பிடித்தமும் கூடுதல். தம் பகுதி வரி அதிகாரிக்குப் பாஸ்போர்ட் நகலோடு, தாம் வெளிநாட்டுவாசி என்று எழுதி அனுப்பியபின் சரியாயிற்று. கிளம்பிய முதல் ஆண்டே நிலையை மாற்றியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

காலம் தவறியவர்களும் மனம் தளர வேண்டாம். ஜூலையை விட்டால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். ஆனால் வீட்டு வாடகைப்படி, எல்.ஐ.சி. கழிவுகளைத் தரும் பழைய முறை 2023–24 நிதியாண்டிலிருந்து தாமதமாக வரும் சம்பளக்காரருக்குக் கிடையாது. அதையும் விட்டால் முதன்மை ஆணையருக்குத் தாமத மன்னிப்பு மனு. இதற்கு முன்பு ஆறு ஆண்டு அவகாசம் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் ஐந்தாகக் குறைத்தார்கள். காரணம் நியாயமாக இருந்தால் கேட்கிறார்கள். வட்டி மட்டும் தர மாட்டார்கள். 2025-இல் வந்த புதிய வருமான வரி மசோதாவில், தாமதமாகப் போட்டால் ரீஃபண்டே இல்லை என்பது போல் ஒரு பிரிவு இருந்தது. நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை எடுக்கச் சொன்னது. ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அதை அமலாக்க 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல். 182 நாள் அப்படியே இருக்கிறது.

நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார். "சார், விமான நிலையத்துல வரி கிளியரன்ஸ் சர்டிபிகேட் கேட்பாங்களாமே?" 2024 பட்ஜெட் சமயத்தில் கிளம்பிய புரளி இது. எல்லோருக்கும் தேவையில்லை, பெரிய நிதி முறைகேட்டில் சிக்கியவர்களுக்கும், தடை வாங்காமல் 10 லட்சத்துக்கு மேல் நேரடி வரி பாக்கி வைத்தவர்களுக்குந்தான் என்று வரி வாரியம் அந்த ஆகஸ்டிலேயே விளக்கிவிட்டது. "உங்க பையன் பாக்கி வச்சிருக்கானா?" என்றேன். "அரசாங்கம்தான் சார் அவனுக்குப் பாக்கி" என்றார்.

மறுவாரமே அவர் பையனை வங்கிக்கு அழைத்துப் போய் என்.ஆர்.ஓ. படிவம் கொடுத்தார். நாலு இடத்திலும் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பான் கார்டில் ஓரெழுத்து பிசகு இருந்தது, திருத்த எழுதிப்போட்டிருக்கிறார்கள். ஃபாரம் 16 சொந்த மின்னஞ்சலுக்கு வர எழுதிக் கொடுத்தாயிற்று. பையனின் பெங்களூர் எண் இப்போது நண்பருடைய பழைய ஃபோனில், அலமாரியில், சார்ஜரோடு இருக்கிறது. ரீசார்ஜ் தேதியை அவர் மனைவி பால் கணக்குக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார்.